சும்மாதான் வந்தேன்

"இன்னாடி வெரோனிகா, இவ்ளோ தூரம்?" என்று கேட்டபடி சாரதா மேடம் கேட்டைத் திறந்தபோது, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் வெரோனிகாவின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"சும்மாதான் மேடம். இந்தப் பக்கம் வந்தேன்."

இந்தப் பக்கம் என்று ஒரு பக்கமே கிடையாது. கரிக்கலாம்பாக்கத்தில் வயலைத் தூர்த்து மனை போட்டதில் கடைசித் தெரு அது. மேடம் வீட்டைத் தாண்டினால் நட்டு வைத்த கல், அதற்கப்பால் நெல். வில்லியனூரிலிருந்து வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு இங்கே ஒருத்தி சும்மா வருவாளா? மேடத்துக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் காபி போட்டுக் கொடுத்தார், பழைய கம்பெனிக் கதை பேசினார். குடித்து முடித்ததும், "வரேன் மேடம்" என்று வெரோனிகா கிளம்பிவிட்டாள். கைப்பையில் நோட்டீஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. இது மூன்றாவது தடவை.

பதினாலு வருஷம் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பார்த்தவள். மேடம் அங்கே சூப்பர்வைசர். மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார். சரியாக இருந்தால் "போவட்டும்" என்பார். பழுது என்றால் பேசவே மாட்டார், ஓரமாக வைத்துவிடுவார். அந்த ஓரம் வெரோனிகாவுக்கு இன்றைக்கும் கனவில் வரும். கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பணத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவும் மெஷின் வாங்கினாள். பீய்ச்சி அடிக்க ஒன்று, அடியில் தங்கும் சேற்றை உறிஞ்ச ஒன்று. 'வெரோனிகா டேங்க் கிளீனிங்' என்று ஐந்நூறு நோட்டீஸும் அடித்தாள். வேலை கைவந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை. தாயா பிள்ளையாகப் பழகிய வீட்டில் போய், உங்கள் தொட்டி அழுக்கு, நான் கழுவுகிறேன், காசு கொடுங்கள் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? துடைப்பத்தைத் தூக்கமாட்டார்களா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வெரோனிகாவுக்கு வாய் இல்லாமல் இல்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள் அவள்தான். மைக் மக்கர் பண்ணினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். வேதத்துக்குத் திறக்கிற வாய் சொந்த வேலைக்குத் திறக்கமாட்டேன் என்றது.

"நீ டேங்க் கழுவப் போறியா, நோட்டீஸ் மேல அடைகாக்கப் போறியா?" என்று கேட்டான் புருஷன் டேவிட் ராஜ். அதற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். அடுத்துச் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்களாம். அவன் கூட்டாளி ஆண்டனி, தன் வண்டி கழுவும் கடைக்கு அந்த மெஷினைக் கேட்கிறானாம், சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பானாம்.

"நான் ஒன்னும் கட்டாயப்படுத்தல. ஆறு மாசம் ஆவுது. ஒரு வூடாவது ஆச்சா, நீயே சொல்லு."

ஒரு வீடு ஆகியிருந்தது. வினையே அதுதான். அடுத்த வீட்டு புவனேஸ்வரியும் கம்பெனியில் கூட வேலை பார்த்தவள். தொட்டியைக் கழுவி முடித்து, எவ்வளவு என்று அவள் கேட்டபோது, "ஐயே, அதெல்லாம் ஒன்னும் வேணாங்க்கா, சும்மாதான்" என்று சொல்லித் தொலைத்தாள் வெரோனிகா. புவனேஸ்வரி நல்லவள். நன்றியை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள்: 'நம்ம வெரோனிகா சும்மாவே டேங்க் கழுவித் தருது.' கீழே மூன்று கைகூப்பும் படம்.

சனிக்கிழமை காலையில் மேடமே போன் செய்தார். "மருமவளுக்கு வளைகாப்பு வருதுடி. டேங்க்கத் தொறந்தா ஒரே வாடை. நீ செய்வியாமே, புவனா போட்டிருந்தா. கொஞ்சம் வந்து பாக்குறியா?"

மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி. தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கினாள். கணுக்கால் வரைக்கும் களிச்சேறு. அதில் துணி கிளிப் இரண்டு, வேப்பிலை, எப்போதோ செத்த பல்லி ஒன்று. சுவரில் படிந்த உப்பைச் சுரண்டி, பீய்ச்சி, சேற்றை உறிஞ்சி எடுத்து, மறுபடியும் கழுவினாள். இரண்டு மணி நேரம் ஆனது. மெஷினை நிறுத்தியதும் தொட்டிக்குள் அப்படி ஒரு அமைதி.

"எண்ணூறு ரூபா மேடம்" என்று சொல்லிப் பார்த்தாள், மெதுவாகத்தான். தொட்டி அதை வாங்கி, பெரிய குரலாக்கித் திருப்பிக் கொடுத்தது. தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. பிறகு, "சும்மாதான் மேடம்" என்று சொல்லிப் பார்த்தாள். அதையும் தொட்டி அதே கனத்தோடு சொன்னது. அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏனோ அழுகை வந்தது. பதினாலு வருஷம் ஒன்றாம் தேதி பிறந்தால் சம்பளம் தன்னால் வந்தது, யாரிடமும் போய்க் கேட்டதில்லை. கேட்பதென்றால் கையேந்துவது என்றே உடம்பில் ஊறிப்போயிருந்தது. கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி, நகத்தடியில் சேறு அப்பியிருந்தது. ஏந்துகிற கை இப்படியா இருக்கும்?

அவள் வெளியே வந்ததும் மேடம் ஏணியில் ஏறினார். போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். கையை விட்டுச் சுவரில் ஒரு விரலால் தேய்த்து, அந்த விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெரோனிகா பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"போவட்டும்" என்றார் மேடம்.

கீழே வந்ததும் ஒரு பையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். தோட்டத்து முருங்கைக்காய், வெற்றிலை பாக்கு, ஒரு ஜாக்கெட் துணி. "சும்மா செய்யுற பொண்ண வெறுங்கையோட அனுப்பக் கூடாது. எடுத்துக்கடி."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை, பாசம்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். 'ஐயே, எதுக்கு மேடம்' என்ற பழைய வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதைச் சொன்னால் சாயங்காலம் ஆண்டனி வருவான், மெஷினைத் தூக்கி ஏற்றுவான், திங்கட்கிழமை விடியும். வெரோனிகா பையை மெல்ல மாடிப்படியில் வைத்தாள்.

"மேடம், நான் சும்மா வரல."

"இன்னா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. முன்ன மூணு வாட்டி வந்தேனே, அப்பவும் சும்மா வரல. இந்த வேலயக் கேக்கத்தான் வந்தேன். கேக்க பயந்துக்கினு காபியக் குடிச்சிட்டுப் போயிட்டேன். புவனாக்காகிட்டயும் பயந்துக்கினுதான் சும்மானு சொன்னேன்." குரல் பூசையில் வாசிக்கிற குரலாகவே வந்துவிட்டது. எதிர் மனையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "எண்ணூறு ரூபா மேடம்."

மேடம் சுவரிலிருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டார். பிறகுதான் கையை நீட்டினார்.

"நோட்டீஸ்னு ஏதாச்சும் வச்சிருக்கியா?"

மடிப்போடு கசங்கிக் கிடந்ததை வெரோனிகா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெயில் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வந்ததில், இந்தப் பக்கம் நின்றவளுக்குத் தன் பெயர் திருப்பிப் போட்டதுபோலத் தெரிந்தது.

'வரேன் மேடம்' என்று கிளம்புகிற நேரம் இது. வெரோனிகா கிளம்பவில்லை. காசு கைக்கு வரட்டும் என்று, முருங்கைக்காய்ப் பைக்குப் பக்கத்தில், ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்தாள். மேலே காலித் தொட்டிக்குள் தண்ணீர் தொம் தொம்மென்று விழ ஆரம்பித்தது.