தூம்பாவின் முன்வலது மூலை

எமிலியானுஸ் படுக்கையில் விழுந்தபோது எங்கள் கோயில் பங்கே வருந்தியது. எனக்கும் வருத்தந்தான். ஆனால் வருந்தி முடிப்பதற்குள் என் வலது தோள் துள்ளத் தொடங்கிவிட்டது.

காரணம் தூம்பா. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் மரச்சுரூபத்தைக் கிடத்தி, வீதிவலம் கொண்டுபோகும் பாடை. அதன் முன்வலது மூலை எமிலியானுசுக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தது போல. துறைமுக இழுவைப்படகில் என்னோடு கயிறு இழுத்தவன். அவன் தூக்கினால் மற்ற மூன்று மூலைக்காரரும் கால் நிலத்தில் படாமல் தொங்கிக்கொண்டு வருவார்கள். பசாம் என்கிற துக்கப் பாட்டைப் பாட அவன் வாயைத் திறந்தால் சீனன்குடாவில் விமானப்படைக்காரர் சைரன் என்று ஓடுவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், கொஞ்சந்தான்.

சீனி வியாதி அவன் காலைத் தின்றது. பிறகு படுக்கை முதுகைத் தின்றது. மூலை எனக்கு வந்தது. வெள்ளைச் சேட்டுத் தைத்தேன். சுரூபத்தின் பாதத்தில் தெளிக்கப் பன்னீர் வாங்கினேன். சந்தையில் மீன் விற்கிறவளுக்குச் சொன்னேன். எங்கள் ஊர் வீதியில் மாடு போலக் குப்பை மேய்கிற மான்களைக்கூட நிறுத்திச் சொன்னேன்.

பெரிய வெள்ளி பின்னேரம், கோயில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டத் தொடங்கியதும், எல்லோருக்கும் முதல் ஆளாக மூலையில் போய் நின்றேன். என் மகனைவிட இளையவரான பங்குச் சுவாமி தனியே கூப்பிட்டார்.

"பெலிசியான் ஐயா, எமிலியானுசரைக் கழுவ இண்டைக்கும் ஒருத்தரும் போகேல்லையாம்."

"கோயில் சங்கத்து ஆக்கள் முறை வைச்சுப் போறவையெல்லோ?"

"அவையெல்லாம் இங்கைதான் நிக்கினம்."

திரும்பிப் பார்த்தேன். அவனை முறைபோட்டுக் கழுவுகிற அத்தனை பேரும், கஞ்சி போட்டு மினுக்கிய சேட்டுகளோடு, மர ஆண்டவரைச் சுற்றி நின்றார்கள்.

"காலமை நற்கருணை கொண்டு போனனான். மனுசன் இண்டைக்குத் தாண்டாது போலக் கிடக்கு. நாறிக்கொண்டு சாக விடாதேங்கோ எண்டு என்ரை கையைப் பிடிச்சவர். சங்கத்தாரிட்டைச் சொன்னன். எல்லாரும் ஓம் எண்டவை."

"வேறை ஆரையும் பாருங்கோவன், சுவாமி."

"அவரைப் புரட்டத் தோள் வேணும். உங்களிட்டை இருக்கெண்டு நீங்கள்தானே ஒரு மாசமாச் சொல்லித் திரியிறியள்."

"இது கேள்வியோ, கட்டளையோ?"

"கட்டளை."

போனேன். நல்ல மனதோடு போனேன் என்று எழுத ஆசைதான். சுவாமியில் தொடங்கி, ஆயரைத் தாண்டி, உரோமாபுரி வரைக்கும் ஏசிக்கொண்டு போனேன்.

பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா கேத்தலோடு அவன் வாசலில் நின்றாள்.

"ஆம்பிளைய நான் கழுவ ஏலாதே, அண்ணே. காலையில இருந்து சுடுதண்ணி வெச்சி வெச்சிப் பாத்துட்டு இருக்கன். ஆறுது, திரும்ப வெக்கிறன். ஒருத்தரும் வரல்ல."

உள்ளே இருந்த மணத்தை நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை, கூட்ட இடமில்லை. மூன்று பேரைத் தொங்கவிட்டவன் நனைந்த சாக்குப்போலக் கிடந்தான்.

"டேய் பெலிசி. தூம்பா?"

"நீ இல்லாததாலை பாரமே இல்லையாம். நான் தேவையில்லை எண்டு அனுப்பிப்போட்டினம்."

"பொய்யன்."

"ஓம்."

துணியை உருவிப் புரட்டினேன். முதுகில் என் உள்ளங்கை அளவு குழி. அதன் அடியில் எலும்பு தெரிந்தது. வேலிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். நஜ்முன் நிஸா கேத்தலை நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பிப் போனேன்.

கட்டில் தாழ்வு. முழங்காலில் நின்றுதான் கழுவலாம். வருடந்தோறும் முழங்காலில் போய் அந்த மரப்பாதத்தை முத்தமிட்டிருக்கிறேன். வார்னிஷ் மணக்கும், வேறொன்றும் நடந்ததில்லை. இப்போது இரண்டு விரல் போய்க் கறுத்துக் கிடந்த இந்தக் காலைக் கையில் ஏந்தியபோது என் வாய் தானாக மூடிக்கொண்டது. யார் முன்னால் முழங்காலில் நிற்கிறேன் என்று தெரிந்தது. இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

பொக்கற்றில் இருந்த பன்னீரை முழுவதும் அந்தக் காலில் ஊற்றினேன்.

"கலியாண வீடோ?" என்றான்.

வீதிவலத்தின் மரக்கட்டைச் சத்தம் ஒழுங்கை முனைக்கு வந்தது.

"தூக்கிவிடு. பாக்கவேணும்."

கக்கத்தில் கைகொடுத்து இருத்தி, என் தோளில் சாய்த்தேன். யன்னலால் வெள்ளைச் சேட்டுகளும் தூம்பாவின் கறுப்புத் துணியும் தெரிந்தன. முன்பக்கம் சரிந்திருந்தது.

"சரிக்கிறாங்கள், எருமையள்," என்றான்.

பிறகு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். கட்டைச் சத்தம் கடற்கரைப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகும் காத்திருந்தேன். அவன் தலை என் வலது தோளில் வரவரப் பாரமானது.

மெல்லக் கிடத்திக் கண்ணை மூடிவிட்டேன்.

"அண்ணே, தண்ணி போதுமா?" வாசலிலிருந்து குரல் வந்தது.

முதுகின் கீழ்ப்பாதி இன்னும் கழுவியாகவில்லை.

"ஆள் போயிட்டார், தங்கச்சி. ஆனா இன்னுமொரு கேத்தல் வேணும்," என்றேன். "நல்ல சூடாக் கொண்டு வாங்கோ. பச்சைத்தண்ணி பட்டால் ஏசுவான்."