வாயாடியின் அறிமுகம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பேச்சு வந்த நாளிலிருந்து கேள்வி கேட்டே எல்லோர் உயிரையும் எடுத்தவள். ரிமோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் டிவி எப்படி மாறுகிறது, விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குள் ஏன் வெளிச்சம் நிற்கிறது என்று ஓயாமல் கேட்பாள். அம்மா பதில் சொல்லிக் களைத்து அப்பாவிடம் தள்ளுவாள். அப்பா, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாமாவிடம் தள்ளுவார். மாமா ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்து, "நீயே தொறந்து பாரு தாயே, என்னை விட்டுடு" என்பார்.

அந்த வாயாடி இப்போது வெளியூரில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை நாளாயிற்று என்பதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கடையில் "பை வேண்டாம்" என்பதும், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "யெஸ் சார்" என்பதும் பேச்சில் சேர்த்தி என்றால் தினமும் பேசுகிறாள்.

டிப்ளமோ முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள் அவள். படிப்பு தகவல் தொழில்நுட்பம். மற்றவர்கள் முதல் ஆண்டிலேயே சேர்ந்து, பழகி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருந்தார்கள். லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லோரும் ஜோடி சேர்ந்துவிட்டதால் கடைசி வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் முழுசாக அவளுக்கே கிடைத்தது. "உனக்கென்ன, ராஜயோகம்" என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு என்ன சொல்வதென்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

ஒரு தடவை அவளாகவே முயன்றும் பார்த்தாள். பக்கத்து வரிசைப் பெண்ணிடம், "எங்க பில்டிங் லிஃப்ட் இருக்கில்ல, யாரும் கூப்பிடலன்னா தானா அஞ்சாவது மாடிக்குப் போய் நின்னுக்குது. ஏன்னு நினைக்கறே?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து, "அது பரீட்சைல வருமா?" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாயாடியின் வாயை அடைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அறையில் இரண்டு கட்டில்கள். இன்னொன்று நர்ஸ் அக்காவுடையது. அக்காவுக்கு எப்போதும் இரவு டியூட்டி. இவள் கல்லூரியில் இருக்கும்போது அக்கா தூங்குவாள், இவள் வரும்போது அக்கா கிளம்புவாள். வாசலில் அக்கா ஷூவுக்குக் கயிறு கட்டும் நேரம்தான் இருவரும் சேர்ந்து வாழும் நேரம். இதில் இன்னொரு கூத்து, சாயங்காலம் வாயாடி லிஃப்டில் ஏறுவதே இல்லை. உள்ளே யாராவது இருந்தால் என்ன பேசுவது, பேசாமல் எங்கே பார்ப்பது என்ற பயம். மூன்று மாடியையும் படியிலேயே ஏறிவிடுவாள்.

போன வாரம் அம்மா போன் பண்ணினாள்.

"மாமா இன்னொரு கடை போடறாரு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார நம்பிக்கையான ஆள் வேணுமாம்."

"அப்ப என் படிப்பும்மா, அது என்னாகறது?"

"படிப்புதான். ஆனா உன் குரலே சரியில்லையே. முன்னெல்லாம் போனை வைன்னு நான் கெஞ்சணும். இப்ப நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாமா வராரு. அப்ப கூப்பிடறேன், ஒரு முடிவு சொல்லு."

போனை வைத்த பிறகு அவள் மனதுக்குள் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள். கணினி வேலைக்காரர்கள் தமிழில் எழுதும் இணையக் குழு ஒன்றை அவள் டிப்ளமோ காலத்திலிருந்தே வாசித்துவந்தாள். சர்வர் படுத்த கதை, தப்பான பட்டனை அழுத்திவிட்டு வேர்த்த கதை எல்லாம் அங்கே இருக்கும். நுழைந்ததும் முதலில் ஒரு பகுதி: "புதுசா வந்திருக்கீங்களா? உங்களைப் பத்திச் சொல்லுங்க." யார் என்ன எழுதினாலும் அங்கே "வாங்க வாங்க" என்று ஒரு குரல் வந்துவிடும். வெறுமனே "வணக்கம்" என்று எழுதியவருக்குக்கூட, "அவ்வளவுதானா, டேட்டா தீந்துபோச்சா?" என்று பதில் வந்திருந்தது. அங்கே ஒருவராவது தனக்குப் பதில் போட்டால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டுவது. பைத்தியக்கார நிபந்தனைதான். அவளுக்கே தெரியும்.

அறிமுகத்தை அவள் அவசரப்பட்டு எழுதவில்லை. தனியாக ஒரு ஃபைலைத் திறந்து, தினமும் சாயங்காலம் எழுதினாள், அடித்தாள், மாற்றினாள். லிஃப்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பரீட்சையில் வருமா என்ற குரல் ஞாபகம் வந்து அதை எடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு பிழைகூட இல்லாமல் முடித்து, குழுவில் பதிவு செய்துகொண்டு, ஃபைலில் இருந்ததை அப்படியே எடுத்து அங்கே எழுதுவதற்கான பெட்டியில் ஒட்டி, பட்டனை அழுத்தினாள். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை ஒரு பதிலும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கு வரவேற்பு நடந்தது, ஒருவருக்குக் கிண்டல்கூட நடந்தது. அவளுடையதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். கூட்டமான கல்யாண வீட்டில் யாருமே வாங்க என்று சொல்லாமல், சாப்பிட உட்காரலாமா வேண்டாமா என்று நிற்பது போலிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் அக்கா ஷூவைப் போட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, யாரோ செத்துட்ட மாதிரி இருக்கே?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்க நேரமில்லாததால் பாதிதான் சொன்னாள்.

"அவ்வளவுதானே? லிங்கை அனுப்பு. நானே ஒரு லைக் போட்டுட்டுப் போறேன்." அக்கா தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மேலே வந்தாள், மறுபடி கீழே போனாள். "எங்கடி? உன் பேர்ல இங்க ஒண்ணுமே இல்லையே."

"இருக்குக்கா. பாருங்க." அவள் தன் போனை நீட்டினாள். இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே பக்கம், ஒரே நேரம். இவளுடையதில் அறிமுகம் இருந்தது. அக்காவுடையதில், அது இருக்க வேண்டிய இடத்தில் முன்னதும் பின்னதும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பேயா?" என்றாள் அக்கா. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

வாயாடி கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். சுவரில் ஒட்டிய போஸ்டரை வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் பார்ப்பார்கள். வலைப்பக்கம் அப்படியல்ல. யார் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கென்று அந்த நொடியில் புதிதாகச் சேர்த்துக் கொடுப்பது அது. கேட்பவர் இன்னார் என்று தெரிந்தால், அவருக்கு மட்டும் ஒன்றைச் சேர்க்கலாம், மற்றவர்களுக்கு மறைக்கலாம். அப்படியென்றால் அவளுடைய அறிமுகத்தை அவளுக்கு மட்டும் காட்டும்படி எங்கோ ஒரு விதி வேலை செய்கிறது. எதற்கு அப்படி ஒரு விதி? விளம்பரக் குப்பையைக் கொட்டுகிற இயந்திரங்களை ஏமாற்ற. தடுத்துவிட்டோம் என்று சொன்னால் அவை வேறு வேஷத்தில் திரும்பி வரும். போட்டாயிற்று என்று நம்பவைத்துவிட்டால் திருப்தியாகப் போய்விடும். என்ன அழகான யோசனை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான், அந்த இயந்திரம் தான்தான் என்பது உறைத்தது.

ஆனாலும் மனசு லேசாகியிருந்தது. யாரும் அவளை ஒதுக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை.

குழுவின் நிர்வாகிக்கு எழுதினாள். அவர் அங்கே காவல்காரன் என்ற பெயரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பதில் வந்தது.

"நீங்க மனுஷங்கதானே?"

"ஆமாங்க."

"எல்லா ரோபோவும் இதைத்தான் சொல்லுது. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. பாத்துட்டேன். நீங்க வெளில எழுதி இங்க ஒட்டினீங்களா?"

"ஆமாங்க. தப்பில்லாம வரணும்னு நாலஞ்சு நாளா எழுதினேன்."

"அதான். பெட்டில முதல் எழுத்து விழுந்ததுலேருந்து பட்டனை அழுத்தற வரைக்கும் எவ்வளவு நேரம்னு இங்க ஒரு கடிகாரம் ஓடும். அவ்வளவு பெரிய விஷயத்தை ரெண்டு நொடில எழுத மனுஷனால முடியாது. அதனால மெஷின் ஒதுக்கி வெச்சிருச்சு. அந்த ஒதுக்கலைப் பாக்கற வேலை என்னுது, நான்தான் ரெண்டு மூணு நாளா பாக்கல. மன்னிச்சுக்கோங்க."

நாலு நாள் பாடுபட்டது இரண்டு நொடியாகத் தெரிந்திருக்கிறது.

"இப்ப வெளில விட்டுடட்டுமா? இல்ல வேற எழுதறீங்களா? உங்க இஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், இதே மாதிரி இந்த வாரம் நாலு வந்துச்சு. அதுல ரெண்டு நிஜ ரோபோ."

அவள் தன் அறிமுகத்தைத் திறந்து படித்தாள். "நான் தகவல் தொழில்நுட்பம் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி. ஜாவா, பைத்தான் ஆகிய மொழிகளில் அடிப்படை அறிவு உண்டு. இக்குழுவில் இணைவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். அனைவரிடமும் கற்றுக்கொள்ள ஆவலாக உள்ளேன்." அம்மா இதைப் படித்தால், "யாருடி இது, வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டரா?" என்று கேட்பாள்.

"விட வேண்டாங்க," என்று பதில் எழுதினாள்.

குழுவின் பெட்டியைத் திறந்து அதிலேயே தட்ட ஆரம்பித்தாள். கடிகாரம் ஓடுகிறது என்று தெரிந்ததும் விரல் தடுமாறியது. "வணக்கம். வீட்ல என்னை வாயாடின்னு கூப்பிடுவாங்க. இங்க வந்தப்பறம் பேச ஆள் இல்ல. ஐடி படிக்கறேன். ஒரு விஷயம் ரொம்ப நாளா மண்டையைக் குடையுது. எங்க லிஃப்ட் யாரும் கூப்பிடலன்னா காலியா கிளம்பி அஞ்சாவது மாடிக்குப் போய் நிக்குது. எட்டு மாடிக்கு நடுன்னா நாலுதானே? ஏன் அஞ்சு? நான் மூணுல இருக்கேன், தினம் காலைல என்னைத் தாண்டித்தான் போகுது." எங்கேயோ ஒரு எழுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்படியே அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுக் கணக்கிலிருந்து வெளியே வந்து, யாரோ போலப் பக்கத்தைத் திறந்தாள். இருந்தது. யாரோவுக்கும் தெரிந்தது.

ஆனால் பதில் இல்லை. துணி துவைத்துக் காயப்போட்டாள். மத்தியானம் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் படுக்கவைத்தது, பிறகு சுவரில் ஏற்றியது. நர்ஸ் அக்கா போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வாயாடி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டினாள். ஜிப் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். செய்தது.

சாயங்காலம் போன் அதிர்ந்தது. அம்மா என்று நினைத்து எடுத்தாள். குழுவிலிருந்து வந்திருந்தது. தூக்கக்கலக்கம் என்ற பெயரில் ஒருவர்.

"வாங்க வாயாடி. அஞ்சுங்கறது காலைல மட்டுமா, சாயங்காலமும் அப்படித்தானா? சில லிஃப்ட் எந்த மாடிலேருந்து அதிகமா கூப்பிடறாங்கன்னு கணக்கு வெச்சுக்கிட்டு, அந்தந்த நேரத்துக்கு அங்க போய்க் காத்திருக்கும். அப்படின்னா நேரத்துக்கு நேரம் இடம் மாறணும். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் சும்மாதான் இருக்கேன்."

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள். ஐந்தாம் மாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம், காலையில் அங்கிருந்துதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சாயங்காலம்? சாயங்காலம்தான் அவள் லிஃப்ட் பக்கமே வந்ததில்லையே.

லிஃப்ட் வாசலில் நின்று, மேலே சிவப்பாக எரியும் எண்ணைப் பார்த்தாள். யாரோ எட்டாம் மாடியில் இறங்கினார்கள் போல, எட்டு என்று இருந்தது. அப்போது அம்மா கூப்பிட்டாள்.

"மாமா வந்திருக்காருடி. என்ன சொல்றே?"

"அம்மா, இருங்க. லிஃப்டைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"லிஃப்டையா? எதுக்கு?"

"ஒருத்தர் ஒண்ணு கேட்டிருக்காரு. பாத்துப் பதில் சொல்லணும். காலைல அஞ்சுல நிக்குதில்ல, அது ஏன்னா, எங்கேருந்து அதிகமா கூப்பிடறாங்களோ, இருங்க, இருங்க, இப்ப கிளம்பும் பாருங்க, கிளம்பினா உங்களுக்கு முழுசா சொல்றேன்..."

"யாரு கேட்டாங்க?"

"தெரியாதும்மா."

"பேரு?"

"தூக்கக்கலக்கம்."

அந்தப் பக்கம் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "என்னவாம்? வராளாமா?"

"லிஃப்டைத் தொறந்து பாக்கறாளாம்," என்றாள் அம்மா.

"சரியாப் போச்சு," என்றார் மாமா. "கடைக்கு வேற ஆளைப் பாக்கறேன்."

எட்டு, ஏழாயிற்று. ஐந்தில் நிற்கவில்லை. வெளிச்சம் போட்ட காலி லிஃப்ட் கதவின் நீளக் கண்ணாடி வழியாக அவளைத் தாண்டி இறங்கியது. படிக்கட்டின் கைப்பிடிமேல் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். தரைத்தளத்தில் யாரும் கூப்பிடவில்லை, யாரும் இல்லை. லிஃப்ட் அங்கே போய் நின்று, வெளியே போய்த் திரும்பி வரப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தது.

அம்மாவிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள். படியிலேயே உட்கார்ந்து போனில் குழுவின் பெட்டியைத் திறந்து, வெறுங்காலில் சிமெண்டின் குளிர் ஏற ஏற, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.