வாசலில் சொல்ல வேண்டியவை

அஞ்சுகம் தெருவில், வீட்டைப் பற்றிய எல்லாவற்றையும் வீட்டுக்காரர் சொல்லி முடிக்காமல் சாவி கைக்கு வராது. சொல்கிறவர் கேட்டுக்கு உள்ளே நிற்பார். கேட்கிறவர் வெளியே நிற்பார். அதற்குள் சாமான்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது.

அம்சவேணி வெளியே நின்றாள். வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் குழந்தை என்றாலே கதவைச் சாத்தினார்கள். "ரெண்டே பேர்னு சொல்லும்மா, குடி போனப்புறம் எவன் வந்து எண்ணப் போறான்?" என்றார் புரோக்கர். அந்தப் புண்ணியவான் பேச்சைக் கேட்டு அவளும் போனில் அப்படியே சொல்லித் தொலைத்துவிட்டாள்.

சற்றுமுன்தான் அவள் கணவன் மோகனரங்கன், தூங்கிக்கொண்டிருந்த மகள் குந்தவியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பால் பாத்திரத்தோடு உள்ளே போயிருந்தான். வீட்டுக்காரர் ஏகாம்பரம் அந்தச் சுருளை மெத்தை என்று நினைத்து வழிவிட்டார்.

"ஒண்ணையும் மறைக்கக் கூடாது பாருங்க" என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார். "ஹால் மதியானத்துல நீளும்."

அவர் வாயை மூடுவதற்குள் ஹால் நீண்டது. திறந்த கதவு வழியாக அம்சவேணிக்கு நன்றாகவே தெரிந்தது. சமையலறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மோகனரங்கன் விரல் அளவுக்குச் சிறுத்துப்போனான். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை.

"எவ்வளவு தூரம் நீளும் சார்?"

"அது உங்க அவசரத்தைப் பொறுத்தது."

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்னாடி குடியிருந்தவர் காலி பண்ணிட்டார். அவரோட இருமல் இன்னும் காலி பண்ணல."

உள்ளே யாரோ இருமினார்கள். தூரத்தில் போர்வை அசைந்தது.

"ஏங்க, கேட்டைப் பத்திச் சொன்னீங்களா?" என்று மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தாள்.

"அதுக்குத்தான் வரேன். இந்த கேட் ஆளைத் தெரிஞ்சு வச்சிருக்கும்மா. தெரியாதவங்க தள்ளினா திறக்காது."

"போதும் சார். இருக்கிறபடியே எடுத்துக்கிறோம். சாவியைக் குடுங்க, நல்ல நேரம் போகுது."

"அதெப்படிம்மா? சொல்லாம விட்டா நாளைக்கு என்னைத்தானே திட்டுவீங்க?"

"ஆள் கணக்கைச் சொல்லிட்டீங்களா?" என்றது மாடி.

"ஆங், அது ஒண்ணுதான் பாக்கி." ஏகாம்பரம் நிமிர்ந்து நின்றார். "எத்தனை பேர்னு சொல்லி வர்றீங்களோ, அத்தனை பேரைத்தான் இந்த வீடு வச்சுக்கும். பால் பொங்குறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிடும். நீங்க ரெண்டு பேர்னு சொன்னீங்க. ரொம்ப சந்தோஷம்."

அம்சவேணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கூட ஒரு ஆள் இருந்தா?"

"விட்டுடும். வலியெல்லாம் இருக்காது."

"ஐயோ, என் பொண்ணு! என்னங்க! பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வாங்க!"

ஹால் நீளமாக இருந்ததால் அவள் குரல் போய்ச் சேரத் தாமதமாயிற்று. அவள் ஏகாம்பரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "பொய் சொல்லிட்டேன் சார். நாங்க மூணு பேர். அந்தப் போர்வைக்குள்ள இருக்கிறது என் பொண்ணு."

ஏகாம்பரத்தின் முகம் வாடியது. "சொல்ல வேண்டியதை நான் ஒண்ணு விடாம சொன்னேனே. நீங்களும் சொல்லியிருக்கலாம்ல?"

உள்ளிருந்து பால் பொங்கிய வாசனை வந்தது.

அவள் கேட்டைத் தள்ளினாள். அது அசையவில்லை. தோளால் முட்டினாள். ஹாலின் கோடியிலிருந்து மோகனரங்கன் வந்துகொண்டிருந்தான். வர வர வளர்ந்தான். இடுப்பில் குந்தவி இருந்தாள். தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கை, கால், கலைந்த ரெட்டைப் பின்னல் எல்லாம் இருந்தன.

அம்சவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மோகனரங்கன் கேட் கம்பி வழியாக ஒரு டம்ளரை நீட்டினான்.

"எடுத்துக்குங்க, புது வீட்டுப் பால். இன்னிக்குத்தான் குடி வந்தோம், நானும் என் பொண்ணும். நீங்க எதிர்வீடா?"

குந்தவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கூச்சப்படுறா" என்றான் மோகனரங்கன். "ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு."

சின்னக் கை அசைந்தது. ஏகாம்பரம் சாவியை அவனிடம் கொடுத்து வாழ்த்தினார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஏகாம்பரம் அவள் பக்கம் திரும்பினார். இதுவரை அவளைப் பார்த்ததே இல்லாத முகம்.

"வீடு பாக்க வந்தீங்களாம்மா? பின்பக்கம் ஒரு போர்ஷன் காலியா இருக்கு. நான் எதையும் மறைக்க மாட்டேன். எத்தனை பேர் நீங்க?"

டம்ளர் கையைச் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"மூணு பேர்" என்றாள்.

ஏகாம்பரம் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

"மத்த ரெண்டு பேர் எங்கம்மா?"

"முன்னாடியே உள்ள போயிட்டாங்க."