மூன்று மணல் மூட்டை

புது ஷாக் அப்சார்பர் வாங்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஹெல்மெட், பூட்ஸ் உட்பட ஓட்டுபவரின் எடை. நூற்றைம்பது பவுண்டு என்று எழுதினேன். கல்யாணத்தன்று இருந்த எடை அது. எழுதும்போது என் கை தயங்கவே இல்லை என்பது இருபது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது.

ஒஹையோவின் தெற்கே எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் பாதிப் பேர் மண் பந்தயத் தடத்தில்தான் இருப்போம். பெட்ரோல் புகையும் வறுத்த வெங்காயமும் கலந்த அந்த வாசனை இன்றும் என்னை அங்கே இழுக்கும். அந்தக் கோடையில் என் கணவன் ட்வைட், ஏடிவி என்கிற என் நாலுசக்கரப் பந்தய வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளை மாற்றி, அகலமானவற்றைப் பொருத்தினான். நான் எழுதிய எடைக்கேற்ற ஸ்பிரிங்கோடு ஷாக்குகளும் வந்தன. ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு தாழுமோ, அந்த நிலையில்தான் சக்கரங்களை நேராக்க வேண்டும். அதே எடைக்கு ஐம்பது பவுண்டு மணல் மூட்டை மூன்றை இருக்கையில் ஏற்றினான்.

"நானே உக்காரறேனே?"

"வேணாம் கண்ணு. மூட்டை பேசாது."

ஷெட்டில் எல்லாம் நேராக இருந்தது. தடத்தில் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின. ஒரு தாவலில் வண்டி அடிவரை அமுங்கி, ஹேண்டில் என் கையைவிட்டுத் திமிறியது. வைக்கோல் கட்டுகளில் போய் விழுந்தேன்.

"பொண்டாட்டியத் தொலைக்க இதவிட சுளுவான வழியெல்லாம் இருக்கே அண்ணே!" என்றான் ட்வைட்டின் தம்பி ஹார்லன்.

ட்வைட் சிரிக்கவில்லை. மூன்று வாரம் கழற்றினான், அளந்தான், மாட்டினான். மூட்டைகள் ஏறியதும் எல்லாம் நேராகிவிடும். மூன்று மூட்டையாய் உட்கார்ந்திருந்த அந்த ஒல்லியான, வாய் பேசாத பெண்ணை அவன் நம்பினான். எனக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு சாயங்காலம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"எங்கயோ தப்பா அளக்கறேன், வெர்லீன். எங்கன்னே தெரியல. பழசையே மாட்டிடறேன். இனிமே உன் வண்டிய நான் தொட மாட்டேன்."

தலையாட்டினால் போதும். புது ஷாக்குகளோடு என் பொய்யும் கழன்று பெட்டிக்குள் போய்விடும். ஆனால் சத்தத்தை வைத்தே இன்ஜினின் கோளாறைச் சொல்கிறவன், ஆயுள் முழுக்கத் தன் கைகளைச் சந்தேகப்படுவான். மூலையில் கிடந்த இன்னொரு மூட்டையை இழுத்து வந்து இருக்கையில் போட்டேன்.

"என்ன பண்றே?"

"ஒண்ணு குறையுது."

"முழுசா ஒண்ணா?"

"ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. பூட்ஸையும் சேத்து."

குனிந்து அளந்தான். டயர்கள் அரை அங்குலம் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் போய் அடுப்பில் இருந்த பீன்ஸை வேகமாகக் கிளறினேன்.

சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அவன் குரல் கேட்டது. ஹார்லனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் அளந்தது சரிதான்டா! அப்பவே சரியாத்தான் அளந்திருக்கேன்! ஸ்பிரிங்தான்டா மெலிசு... அதெல்லாம் உனக்கெதுக்கு? கடைக்காரன் தப்பா அனுப்பிட்டான்னு வெச்சுக்கோ."

கிளறுவதை நிறுத்திவிட்டு, அவன் போனை வைக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.