மூன்றுக்கு மூன்று

லாரி பதினொரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே என் பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டேன். மொத்தம் பதினான்கு, எல்லாவற்றிலும் நீல மையில் என் எழுத்து. என் கணவரின் பெட்டிகள் இன்னும் பாதி திறந்து கிடந்தன. ஒட்டுவதற்கு டேப் தீர்ந்துவிட்டதென்று கடைக்குப் போயிருந்தார். உட்கார நாற்காலிகூட மிச்சமில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைக்கு எட்டிய அந்த விளையாட்டுக் கருவியை எடுத்தேன்.

அவர் பொம்மை நிறுவனங்களுக்கு மின்னணு விளையாட்டுகள் எழுதுகிறவர். இதுவும் அவர் செய்ததுதான். உள்ளங்கை அளவு. திரையில் ஒரு தராசு, கீழே ஒன்பது குண்டுகள். எட்டும் ஒரே எடை, ஒன்று மட்டும் சற்றுக் கனம். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குண்டுகளை விரலால் நகர்த்தித் தட்டுகளில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் தராசு சாயும், அல்லது சமமாக நிற்கும். இரண்டே தடவை எடை போட்டால் போதும். முதலில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. சாய்ந்தால் கனமான குண்டு தாழ்ந்த தட்டில் இருக்கிறது. சமமாக நின்றால் வெளியே இருக்கும் மூன்றில் இருக்கிறது. எப்படியும் மூன்றுதான் மிச்சம். அதில் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் விடை வந்துவிடும்.

கடைத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் பரிசோதனைக்கூடத்தில் எனக்குப் பதினொரு வருட வேலை. அடுத்த மாதம் அதன் பொறுப்பு என்னிடம் வருவதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. யார் விட்டுக்கொடுப்பது என்று இரண்டு வாரம் பேசினோம். பிறகு பேசுவதையே நிறுத்தினோம். கடைசியில் அவர்தான் இந்தக் கருவியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"இதுவே சொல்லட்டும். மூணுக்கு மூணு வைப்போம். சாஞ்சா இங்கேயே இருப்போம், உன் லேபுக்கு நீ ராணி. சமமா நின்னா என்கூட வா."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பதில் ஆறு குண்டுகள் தட்டுகளில் இருக்கின்றன. சாய்வதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

"எனக்குத்தானே அதிகம்?"

"இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சலுகை."

அவர் இவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. நெகிழ்ந்ததை மறைக்க, "அப்போ நாலுக்கு நாலு வெச்சா இன்னும் தாராளமா இருக்குமே" என்றேன்.

"ஆசைக்கு ஒரு அளவு வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே அவரே மூன்றையும் மூன்றையும் நகர்த்தி வைத்தார். பொத்தானை என்னை அழுத்தச் சொன்னார். தராசு சமமாக நின்றது.

மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தேன். கூடத்தை இப்போது நடத்தும் மேடம் அதை மேசை இழுப்பறையில் போட்டார். "மூணு வாரம் இது இங்கேயே தூங்கட்டும்மா. கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே அனுப்பியே ஆகணும். அதுக்குள்ள மனசு மாறினா வா."

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

பெட்டி மேல் உட்கார்ந்து சும்மா மூன்றுக்கு மூன்று வைத்தேன். சமம். புதிதாகத் தொடங்கினேன். சமம். மூன்றாம் தடவையும் சமமாக நின்றபோது என் கை தானாகப் பேனாவைத் தேடியது. எங்கள் கூடத்தில் ஒரே தடவை பார்த்துவிட்டு எந்தத் தராசுக்கும் முத்திரை வைப்பதில்லை. அதே கல்லைப் பத்துத் தடவை வைப்போம், பத்தையும் எழுதுவோம். ஊரில் உள்ள தராசையெல்லாம் அப்படிப் பார்த்தவள், என் வேலையையே நிறுத்த ஒரு தடவையை நம்பியிருக்கிறேன்.

பெட்டி அட்டையிலேயே கோடு கிழித்தேன். குண்டுகளை மாற்றி மாற்றி வைத்தும் பத்தும் சமம். ஆறேழு தடவையாவது சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று வைத்தேன்: இருபது தடவையும் சமம். நான்குக்கு நான்கு வைத்தேன்: இருபது தடவையும் இடப்பக்கம் சாய்ந்தது. பழுதான தராசு இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

மெல்லப் புரிந்தது. கருவி எந்தக் குண்டையும் முன்கூட்டித் தேர்ந்தெடுப்பதே இல்லை. நாம் எடை போட்ட பிறகு, எந்தப் பதில் சொன்னால் சந்தேகத்துக்குரிய குண்டுகள் அதிகம் மிஞ்சுமோ அந்தப் பதிலைச் சொல்கிறது. ஒன்றுக்கு ஒன்று வைத்தால், சமம் என்று சொன்னால்தான் ஏழு மிஞ்சும். நான்குக்கு நான்கு என்றால் சமம் என்று சொல்லக் கூடாது, ஒன்றுதான் மிஞ்சும், அதனால் சாய்கிறது. மூன்றுக்கு மூன்றில் எந்தப் பதிலுக்கும் மூன்றே மிஞ்சும். அப்படி வந்தால் சமமாக நில் என்று எழுதி வைத்திருக்கிறார். யோசித்து ஆடுகிறவருக்கு இரண்டு எடையில் விடை வந்துவிடும், குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மட்டும் இடமில்லை. என்ன அழகான வேலை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அன்று நான் கேட்டு, அவர் சிரித்து மறுத்த அந்த நாலுக்கு நாலு ஞாபகம் வந்தது.

அவர் டேப்பை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "கிளம்புற நேரத்துல என்ன விளையாட்டு?" என்றவர், அட்டையில் கோடுகளைப் பார்த்ததும் சுழற்றுவதை நிறுத்தினார்.

"இதை எப்போ இப்படி எழுதினீங்க?"

"போன வருஷம். பசங்க குத்துமதிப்பா அடிச்சு ஜெயிச்சிடறாங்கன்னு சொன்னாங்க. உனக்காக ஒண்ணும் பண்ணலை."

"அது தெரியுது. அன்னிக்கு என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"பொத்தானை நீதானே அழுத்தினே."

"அதைக் கேக்கலை."

டேப்பின் நுனியை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். "தெரியும். நேரா கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருப்பேன்தான். அதைச் சொல்லவிடலையே நீங்க." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மூணு வாரமா லேபுல எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டிருந்தேன் தெரியுமா? மூணுல ரெண்டு பங்கை எனக்கு விட்டுக்கொடுத்த மனுஷன், நான்தான் தோத்துட்டேன்னு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். "அந்தக் கடிதம் என்ன ஆச்சு மேடம்?"

"தூங்கிட்டிருக்கு. எழுப்பவா?"

"வேணாம். மத்தியானம் நானே வந்து வாங்கிக்கறேன்."

லாரி ஓட்டுநர் வாசலில் நின்று பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஏத்திடலாமாம்மா?"

"நீல மையில எழுதினது பதினாலு இருக்கும். அது மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

"வண்டி பாதி காலியா போகுமே."

"போகட்டும் அண்ணே."

ஓட்டுநர் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு முதல் பெட்டியைத் தூக்கினார்.

எங்கள் கூடத்தில் தேறாத கருவியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவோம். ஒரு தாளைக் கிழித்துத் தேதி போட்டேன். சோதனைகள்: ஐம்பது. முடிவு: நிராகரிப்பு. காரணம் என்ற இடத்தில் சற்று நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, 'கருவியில் பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் வாங்கி வந்த டேப்பிலேயே ஒரு துண்டு வெட்டி, அதைத் திரையின் மேல் ஒட்டி, அவருடைய திறந்த பெட்டி ஒன்றில் வைத்தேன்.