கணக்குக்காரரின் குரல்

"அவசரப்படாதீங்க தம்பி. உங்க அண்ணன் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்," என்று அவள் தன் கணவரின் கைபேசியைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "தப்பு அண்ணி இது."

"தப்புதான். வேற வழி சொல்லுங்க."

அவன் கைபேசியை வாங்கி மேஜைமேல் வைத்தான். காலையில் உயிர்விட்ட அவள் கணவர் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் கிடந்தார். நாளைய விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோக இன்று மாலைக்குள் பணம் கட்டியாக வேண்டும். பணம் இருக்கிறது, அவர் கணக்கில். சொந்தச் சம்பளம் இல்லாமல் கணவனோடு இந்த வெளிநாட்டுக்கு வந்தவளுக்குக் கணக்குத் தர முடியாதென்று வங்கி எப்போதோ கையை விரித்துவிட்டது. அவர் இறந்த செய்தி தெரிந்தால் அந்தக் கணக்கையும் முடக்கிவிடும். வாரிசுச் சான்று கொண்டுவா என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பணம் போடும்போது மட்டும் பல்லை இளிக்கத் தெரியும் அவர்களுக்கு.

போனில் கூப்பிட்டால் அந்த வங்கி குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். அண்ணன் தம்பி குரலோ அச்சு அசல் ஒன்று. கல்யாணமான புதிதில் கொழுந்தனைக் கணவரென்று நினைத்துப் போனில் கொஞ்சிவிட்டு, ஒரு மாதம் அவன் முகத்தில் விழிக்காமல் திரிந்தவள் அவள்.

வங்கியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். கொழுந்தன் தொண்டையைச் செருமி, அண்ணன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னான். மறுமுனையில் வங்கியின் இயந்திரம் நம்பிவிட்டது. தமிழ் பேசும் ஊழியர் ஒருத்தி இணைப்பில் வந்தாள்.

"சார், நீங்களா! போன வாரம் பேசுனப்ப ரொம்ப இருமுனீங்களே. இப்ப எப்படி இருக்கு?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.

"நின்னுடுச்சு."

"நல்லது சார். சொல்லுங்க."

"இருக்கறதை எல்லாம் என் தம்பி கணக்குக்கு மாத்தணும்."

"மொத்தமாவா? காரணம் எழுதணும், தப்பா நினைக்காதீங்க."

"ஊருக்குப் போறேன்."

"அப்ப கணக்கு திறந்தே இருக்கட்டுமா? திரும்பி வருவீங்கல்ல?"

கொழுந்தன் கைபேசியருகே குனிந்தான்.

"இல்லம்மா," என்றது அவள் கணவரின் குரல், நிறுத்தி நிறுத்தி. "இனிமே... வர மாட்டேன்."

காலையில் டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள்.

"சரி சார். நல்லபடியா போயிட்டு வாங்க."

பேச்சு முடிந்தது. சற்று நேரத்தில் கொழுந்தனின் கைபேசி மேஜைமேல் அதிர்ந்தது. பணம் வந்துவிட்டது. இருவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அந்தக் குரலில் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டான்.