மழைக்குப் போட்ட சிக்னல்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வெயில் காலையிலேயே ஏறிவிட்டிருந்தது. சோளகக் காற்று அச்சுவேலித் தோட்டங்களின் செம்மண்ணை வாரி வீதியில் போவோர் முகத்தில் இறைத்தது. வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை.

தில்லைநாதன் தமது எம்.டி. 90 மோட்டார் சைக்கிளைத் துடைத்து முடித்து, ஹெல்மெற்றின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டிக்கொண்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிளுக்கு நாற்பது.

"அப்பா, திரும்பவும் சொல்லுறன்," என்றாள் மகள் வித்தியா. "இன்னொருக்கா விழுந்தியளோ, அடுத்த நாளே உந்தச் சைக்கிளை வித்துப்போடுவன்."

"விக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து வில்லு பிள்ளை. தனிய உது போகாது."

அவள் சிரிக்கவில்லை. வைகாசி மாதம் ஒரு வான் திரும்பிப் பாராமல் குறுக்கே வெட்டியதில், அவர் முழங்கை தேய விழுந்து எழும்பியிருந்தார். தந்தையின் ஓட்டத்தை இன்று தன் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்வதென்று, அவள் முன்னால் நின்ற காரின் பின்னாசனத்தில் ஏறி, பின் கண்ணாடிப் பக்கம் திரும்பி அமர்ந்தாள்.

காரை ஓட்டியவர் பிரகலாதன். தில்லைநாதனின் பால்ய நண்பர். முப்பத்துநான்கு ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்துவிட்டு, லீவுக்கு வந்து, வாடகைக்கு ஒரு கார் எடுத்திருந்தார். இருவருமாகத் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனைக் கும்பிட்டு வருவதென்பது ஏற்பாடு.

ஒரு காலத்தில் அதே வீதியில் இருவரும் இதே மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 1987இல் அருகில் விழுந்த ஒரு பீரங்கிச் செல் தில்லைநாதனின் இடது செவியின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து, பின்னால் இருக்கும் பிரகலாதனின் கையே அவருக்கு இடது செவியாயிற்று. தோளில் ஒரு தட்டுத் தட்டினால் வாகனம் வருகிறது என்று பொருள். இரண்டு தட்டுத் தட்டினால் உடனே பிறேக்கைப் பிடிக்க வேண்டும். பெற்றோல் கிடையாமல் மண்ணெண்ணெயில் ஓடிய அந்நாட்களில் புகை கண்ணைக் கரிக்க, இவர்கள் ஊரூராகச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள்.

1990இல் பிரகலாதன் புறப்பட்டுப் போனார். தோள் வெறுமையாயிற்று. தில்லைநாதன் பின்னர் கண்ணால் ஓடப் பழகினார். காரின் சிக்னலை அவர் நம்புவதில்லை. முன் சில்லு எப்பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். சாரதியின் கழுத்து குனிந்திருந்தால் மடியில் தொலைபேசி இருக்கிறது என்று அறிந்து விலகுவார். தரித்து நிற்கும் காருக்குள் தலை தெரிந்தால், கதவு திறக்கும் என்று கணக்கிட்டு ஒரு முழம் தள்ளியே போவார்.

அச்சுவேலிச் சந்தியில் காரின் வைப்பர் இரண்டும் திடீரென்று காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று தேய்த்தன. அடுத்த கணமே கார் வலப்புறம் திரும்பிற்று. அடுத்த சந்தியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சந்நிதி வாசலில் இறங்கியதும் தில்லைநாதன் கேட்டார்:

"டேய், என்ன, வெயிலையோ துடைக்கிறாய்?"

"கனடாவிலை சிக்னல் தடி இடக்கைப் பக்கம், வைப்பர் வலக்கைப் பக்கமடா. இஞ்சை ரெண்டும் இடம் மாறியிருக்கு. கை தன்ரை பாட்டிலை போகுது, நான் என்ன செய்ய?"

"அப்ப மழை வந்தால்?"

"மழையோ? உந்த வெயிலுக்கையோ? போடா விசரா."

சந்நிதியில் சாப்பிட்டு, மரநிழலில் பழங்கதை கதைத்து அவர்கள் திரும்பியபோது பின்னேரம் நாலே முக்கால் இருக்கும். பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போயிருப்பார்கள். கடற்பக்கமிருந்து யாரும் எதிர்பாராத ஒரு முகில் வந்து பெருந்துளிகளைக் கொட்டிற்று. உடனே முன்னால் போன காரின் வலது சிக்னல் மினுங்கத் தொடங்கிற்று. காரின் வேகமும் தளர்ந்தது.

வலப்பக்கம் திரும்பும் காரை இடப்பக்கத்தால் கடப்பதே எவருக்கும் வழக்கம். தில்லைநாதனின் கையும் வேகத்தைக் கூட்ட உன்னியது. அத்தருணத்தில் அவர் கண், பின் கண்ணாடியூடாகக் காரின் முன் கண்ணாடியில் விழுந்தது. நீர் வழிந்தோடுகிறது; வைப்பர் அசையவில்லை. வலப்பக்கமோ வெறுங்கடற்கரை, திரும்புவதற்கு அங்கே ஒரு ஒழுங்கைகூட இல்லை.

உவன் மழைக்கல்லவா சிக்னல் போடுகிறான்!

அவர் கையைத் தளர்த்திப் பிறேக்கைப் பிடித்தார். வழி தெரியாது தடுமாறிய கார், வலது சிக்னல் மினுங்கியபடியே, இடப்புறம் சடாரென்று வெட்டி வீதியோரப் புல்லில் ஏறி நின்றது. அவர் கடக்கவிருந்த இடம் அதுதான்.

வித்தியா மழையோடு மழையாக இறங்கி ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உன்ரை அம்மாவைவிட எனக்கு உவனைத்தான் பிள்ளை கனகாலமாத் தெரியும்."

பிரகலாதன் காரை விட்டிறங்கி வந்து நின்றார். "மச்சான், நான் உன்னைச் சாகடிச்சிருப்பன்."

"அதுக்கு நீ நேரா ஓடப் பழகவேணும்."

வித்தியா அப்போதுதான் சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். "சரியப்பா. நான் தோத்துப்போனன். சைக்கிள் உங்களோடையே இருக்கட்டும்."

மழை வந்த வேகத்திலேயே விட்டது. பிரகலாதன் காரின் சாவியை அவளிடம் நீட்டினார். "இந்தா பிள்ளை, இனி நீ ஓடு. நான் என்ரை பழைய சீற்றுக்குப் போறன்." மோட்டார் சைக்கிளில் எப்போதும் கொழுவியிருக்கும் வித்தியாவின் ஹெல்மெற்றைத் தலையில் இறுக்கிக்கொண்டு, முனகியபடி பின்னால் ஏறினார்.

ஈர மண் மணத்தது. தில்லைநாதனுக்கு இருபத்தைந்து வயதாயிற்று. பின்னால் பிரகலாதன் வாய் ஓயாமல் கதைத்தார். காற்றில் பாதிதான் கேட்டது. எந்த வளவில் மாங்காய் பிடுங்கினோம், எந்த மதவடியில் மண்ணெண்ணெய் தீர்ந்து உருட்டினோம் என்று எண்ணியெண்ணித் தில்லைநாதன் தமக்குள் சிரித்தார்.

அச்சுவேலிச் சந்தையை நெருங்குகையில், அவரது இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

கை தானாகப் பிறேக்கைப் பிடித்தது. இடப்புற ஒழுங்கையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் முன்சில்லுக்கு ஒரு சாண் முன்னால் பாய்ந்து வீதியில் ஏறிற்று. சாரதி தொலைபேசியைக் காதில் வைத்திருந்தான். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"அந்தத் தேத்தண்ணிக் கடை இப்பவும் இருக்கோடா?" என்று பிரகலாதன் தொடர்ந்தார். தட்டியது அவருக்கு நினைவிலேயே தங்கவில்லை.

தில்லைநாதன் வேகத்தைக் குறைத்து மீண்டும் ஓடத் தொடங்கினார். அந்தக் காரை அவர் கேட்கவில்லை, காணவுமில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகளாக எல்லாவற்றையும் பார்த்து ஓடிய கண், பழைய நினைவில் ஒரு நிமிடம் லயித்ததும் குருடாயிற்று. பிரகலாதனின் பிழையை வாசித்தது பெருமைக்குரியதன்று. அது தெரிந்தவனின் பிழை. முன்பின் தெரியாதவர்களின் பிழைக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கையோ வியாழக்கிழமை விமானம் ஏறுகிறது.

வீட்டுப் படலையில் வித்தியா முன்னரே வந்து காத்து நின்றாள். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"என்னப்பா இது? நான்தான் தோத்தனெண்டு சொன்னனே!"

"வியாழன் வரைக்கும் உவனுக்குப் பின்சீற்றிலை இடமிருக்கு. அதுக்குப் பிறகு, பின்னாலை ஆள் ஏறினால்தான் எனக்குச் சாவி தா. தனிய ஓடின ஓட்டம் இண்டையோடை முடிஞ்சுது."

சூடு ஆறாத எஞ்சின் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. வித்தியா சாவியை விறாந்தைச் சுவர் ஆணியில் கொழுவினாள். அதற்கு மேலே இருந்த மணிக்கூட்டைத் தில்லைநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவரது தனி ஓட்டம் முடிந்த நேரம், மாலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம்.